125 சி.சி. எனும் வர்க்கக் கோடு

(களமசேரியில் தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இருசக்கர வாகனங்களில் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூன் மாத இறுதியில் வெளியிட்டது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் இது பொருந்தும்; வரைவு குறித்த தொடக்க நாள் 2026 ஜனவரி 1. வாகன நிறுவனங்கள் விலை உயரும், விற்பனை சரியும் என்று கூறிக் கால அவகாசம் கேட்டன. நம் தோழர்களிலும் சிலர், “உழைப்பாளியின் தலையில் மேலும் சில ஆயிரம் ரூபாய்ச் சுமை ஏறுகிறதே, இதை நாம் எதிர்க்க வேண்டாமா?” என்று வினவுகிறார்கள். நியாயமான வினா. அதற்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஏ.பி.எஸ். என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் ‘பூட்டுத்தடுப்பு நிறுத்தமைவு’ என்று வரும். எந்தப் பட்டறையிலும் அச்சொல் விளங்காது. ஆகவே ஏ.பி.எஸ். என்றே வழங்குவோம். அதன் செயல் எளிது. மழையில் நனைந்த சாலையில் குறுக்கே ஒருவர் வந்துவிட்டால், பதற்றத்தில் முன்பிரேக்கை முழுவதும் அழுத்துகிறோம். சக்கரம் சுழல்வதை நிறுத்திப் பூட்டிக்கொள்கிறது. ஆனால் வண்டி நிற்பதில்லை, வழுக்கிச் செல்கிறது. உருளும் டயருக்குத் தரையில் உள்ள பிடிப்பு, வழுக்கும் டயருக்கு இல்லை. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் திசை திருப்பவும் இயலாது. ஓட்டுபவர் கீழே விழுகிறார். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரத்தின் சுழற்சியை ஓர் உணர்கருவி அளந்துகொண்டே இருக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று அறிந்த கணமே பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தும், மீண்டும் கொடுக்கும். இது ஒரு நொடிக்குள் பலமுறை நிகழும். மனிதக் கையால் இது ஆகாது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1988இலேயே பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் மோட்டார் சைக்கிளில் இதைப் பொருத்தியது. நம் நாட்டில் ஒசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 2011இல் அப்பாச்சி 180 வண்டியில் இதைக் கொண்டுவந்தது. பின்னர் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். சட்டக் கட்டாயமாயிற்று. புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. 125 சி.சி.யும் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு சி.பி.எஸ். எனும் கூட்டுப் பிரேக்கே போதும் என்று விடப்பட்டது. ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களிலும் அது பிடிக்கும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுப்பதில்லை.

தோழர்களே, அந்த 125 சி.சி. என்ற கோட்டை உற்று நோக்குங்கள். கோட்டுக்கு மேலே வசதியுள்ளோரின் வண்டி. கோட்டுக்குக் கீழே கொத்தனாரின் வண்டி, மீன் விற்பவரின் வண்டி, உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரின் வண்டி, மனைவியையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் ஆலைத் தொழிலாளியின் வண்டி. நாட்டில் விற்கும் இருசக்கர வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கீழ்வரிசை வண்டிகளே. என்ஜினின் கொள்ளளவை அளக்கும் எண்ணாகக் காகிதத்தில் தோன்றும் அது, சாலையில் வர்க்கக் கோடாகக் கிடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியமும் 125 சி.சி.யைத்தானே எல்லையாக வைத்துள்ளது என்று கேட்கலாம். உண்மை. 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் விதி, 125 சி.சி. வரை ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். என்று தேர்வை விட்டுவைத்தது. அங்கே குடும்பம் காரில் போகிறது. இங்கே குடும்பத்தின் வாகனமே அந்த நூறு சி.சி. வண்டிதான். அங்கிருந்து கோட்டை மட்டும் இறக்குமதி செய்வது எங்ஙனம் பொருந்தும்?

அரசின் புள்ளிவிவரமே கூறட்டும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 விழுக்காட்டினர், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏ.பி.எஸ். இவர்கள் அனைவரையும் காத்திருக்கும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரேக் அழுத்தியதால் விழுந்து மாண்டவர் ஒருவரேனும், வண்டியின் விலை குறைவு என்பதற்காக மாண்டிருக்கக் கூடாது.

இனி எதிர்வாதங்கள். “சிறிய வண்டி மெதுவாகத்தானே போகிறது” என்பது ஒன்று. எச்.எம்.டி. சந்திப்பிலிருந்து இடப்பள்ளி நோக்கித் தேசிய நெடுஞ்சாலையில் போகும் நூறு சி.சி. வண்டிகளைப் பாருங்கள்; அவை செல்லும் அதே சாலையில்தான் கண்டெய்னர் லாரியும் செல்கிறது. “கைதேர்ந்த ஓட்டுநருக்கு இது தேவையில்லை, சரளைக் கற்களில் நிற்கும் தூரம் கூடும்” என்பது மற்றொன்று. சரளையில் தூரம் கூடலாம் என்பது உண்மையே. ஆனால் அங்கும் வண்டி சாயாமல் காப்பது ஏ.பி.எஸ். மேலும், இரவுப் பணி முடித்துக் களைத்துத் திரும்புபவரிடம் பந்தய வீரரின் கைத்திறனை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இந்த வாதம் நமக்குப் பழகியதுதான். ஆலையில் கை துண்டானபோதெல்லாம் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்றே முதலாளிகள் கூறிவந்தார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், இயங்கும் இயந்திரப் பாகங்களுக்குக் காப்புவேலி இடும் கடமையை விதித்தது. தொழிலாளி சில கணம் கவனம் பிசகினாலும் கை தப்ப வேண்டும் என்பதே அதன் உட்பொருள். மோட்டார் சைக்கிளும் இயந்திரமே. ஏ.பி.எஸ். அதன் காப்புவேலி.

அடுத்து, விலை. இதுவே வலுவான வாதம். சிறிய வண்டிகள் பலவற்றில் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் உள்ளது. ஏ.பி.எஸ். வைக்க முன்சக்கரத்துக்காவது டிஸ்க் பிரேக் வேண்டும். ஆகவே செலவு கூடும் என்பது பொய்யன்று. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாய் என்றால், குறைந்த வரி 7,000 ரூபாய். விற்பனை பெருகும் என்று இந்த வரிக்குறைப்பை வரவேற்ற நிறுவனங்கள், பாதுகாப்புக் கருவி என்றதும் ஏழையின் சட்டைப்பையைச் சுட்டிக்காட்டுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 96 லட்சம் வண்டிகள் விற்கும் சந்தையில், எல்லா வண்டிக்கும் ஒரே கருவி என்றானால் அதன் அடக்கவிலையும் இறங்கும். ஆகவே விதியை எதிர்ப்பது நம் வேலையன்று. செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை எழுப்புவதே நம் வேலை.

அதே வேளையில், விதி வந்துவிட்டால் அரசின் கடமை முடிந்தது என்றும் இருக்க முடியாது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பு மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஹெல்மெட் அணியாத தொழிலாளிக்கு 1,000 ரூபாய் அபராதம் என்றார்கள். தரமற்ற சாலையால் உயிரைப் பறித்த ஒப்பந்ததாரருக்கோ அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய்தான். குழியில் விழும் சக்கரத்தை ஏ.பி.எஸ். தூக்கிவிடாது.

இன்னொன்று, வேகம். நிமிடக் கணக்கில் பொருளைக் கொண்டுசேர்க்கச் சொல்லும் செயலிகள், சக்கரத்தில் பிரேக்கை வைத்துவிட்டுக் கடிகாரத்தில் அதைக் கழற்றிவிடுகின்றன. இதே கொச்சியின் மட்டாஞ்சேரியில், சாப்பா எனும் வில்லையை வீசியெறிந்து வேலை கொடுத்த முறையை எதிர்த்து, 1953 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுகளை எதிர்கொண்டார்கள். இன்று வில்லைக்குப் பதில் கைப்பேசியில் ஒலி. அந்த இளைஞர்களைச் சங்கமாகத் திரட்டாமல் சாலைப் பாதுகாப்பைப் பேசி முடிக்க முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. 125 சி.சி. கோட்டை நீக்கும் விதியை மேலும் தளர்த்தாமல் நடைமுறைப்படுத்துக. அதன் செலவை நிறுவனங்களின் லாபத்திலிருந்தே ஈடுசெய்க. புதிய பிரேக்கைப் பழுதுபார்க்கச் சிறு பட்டறை மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ.களில் கட்டணமில்லாப் பயிற்சி தருக. விநியோகத் தொழிலாளரின் நேரக்கெடுவைச் சட்டத்தால் கட்டுப்படுத்துக. எறணாகுளம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் நம் பகுதியின் குழிகளையும் இருண்ட திருப்பங்களையும் பட்டியலிட்டுக் கொடுப்போம். அப்பட்டியலை ஒவ்வொரு கிளையும் தன் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கட்டும்.