சுழி அடுக்கும் குறை அடுக்கும்
(பாடியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கண்டவரையில், நம் பிள்ளைகள் கணக்கின்மீது நம்பிக்கை இழக்கும் இடங்களுள் ஒன்று எட்டாம் வகுப்பின் அடுக்குகள் பாடம். 2³ என்றால் மூன்று இரண்டுகளின் பெருக்கம், விடை 8. இதில் இடர்ப்பாடு இல்லை. 2⁰ எவ்வளவு என்றால் ‘பூச்சியம்’ என்கிறான் மாணவன். 2⁻³ எவ்வளவு என்றால் ‘குறை எட்டு’ என்கிறான். இரண்டையும் அடித்துவிட்டு, ‘இது விதி, மனப்பாடம் செய்’ என்று சொல்லி மேலே செல்வது ஆசிரியர்க்கு எளிது.

ஆனால் நமக்குக் கல்வி ஏன் இல்லை, நிலம் ஏன் இல்லை என்று கேட்ட நம் முன்னோர்க்கும் ‘விதி’ என்ற சொல்லே விடையாகத் தரப்பட்டது. நம் பிள்ளைகட்கு வகுப்பறையிலும் அச்சொல்லையே தரலாமா? காரணத்தைக் காட்டுவோம்.

ஒரு காகித நாடாவை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 1 என்க. ஒருமுறை இரட்டித்தால் 2¹. மீண்டும் இரட்டித்தால் 2². அடுக்கு என்பது எத்தனை முறை இரட்டித்தோம் என்னும் எண்ணிக்கை. ஒருமுறையும் இரட்டிக்காவிடில் நாடா மறைந்துவிடுமோ? இருந்தபடியே இருக்கும். ஆகவே 2⁰ = 1. இங்கே பூச்சியம், செயல் நிகழவில்லை என்றே சொல்கிறது. பொருள் இல்லை என்று சொல்லவில்லை.

இனி இறங்குவோம். 8, 4, 2, 1 என ஒவ்வொரு படியிலும் எண் பாதியாகிறது. அடுக்கில் ஒன்று குறைகிறது. அடுத்த படி அரை, அது 2⁻¹. அதன் பாதி கால், 2⁻². அதன் பாதி அரைக்கால்; 2⁻³. கழித்தற்குறி இங்கே கடனைக் குறிப்பதன்று. எத்தனை முறை பாதியாக்கினோம் என்பதைக் குறிப்பது. ஆகவே 2⁻³ எட்டில் ஒன்று. ஐந்தை அடிமானமாகக் கொண்டால் 25, 5, 1, ஐந்தில் ஒன்று என்று இறங்கும். பூச்சியத்தை மட்டும் அடிமானமாகக் கொண்டு இவ்வாறு இறங்க இயலாது. பூச்சியத்தால் வகுத்தல் இல்லை அன்றோ?

அரைக்காலின் பாதி வீசம், 2⁻⁴. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் வருமுன் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா, ரூபாயில் வீசம். நம் பாட்டன்மார் நாவில் வழங்கிய சொற்களே இவை. ஆயினும் இவற்றை எண்சுவடியாகப் பயிற்றுவித்த திண்ணைப் பள்ளிகளில் அவர்கட்கு இடமில்லை. மரக்காலால் நெல்லளந்து கூலி கொடுத்தவர் சொன்னதே கணக்காயிற்று.

பிள்ளைகள் தயங்குவதில் நாணம் வேண்டா. அடுக்கை எண்ணின் தோள்மேல் சிறிதாக எழுதும் முறையை டேக்கார்ட் 1637-இல் அச்சிட்டார். நியூட்டன் குறை அடுக்கை எழுதிய புகழ்பெற்ற மடல் 1676-ஆம் ஆண்டினது. இடையே 39 ஆண்டுகள்! நம் மாணவனுக்கு ஒரு வாரமேனும் தரலாகாதா?

இப்பாடியைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் எண்ணிப் பாருங்கள். அங்கே கையாளப்படும் திருகு அளவியின் மீச்சிற்றளவு பொதுவாக 0.01 மில்லிமீட்டர், அஃதாவது 10⁻² மில்லிமீட்டர், 10⁻⁵ மீட்டர். ஆணையை மட்டும் அறிந்தவன் பிறர் குறித்த அளவில் கடைவான். காரணம் அறிந்தவனே அளவைக் குறித்துத் தரும் இடத்திற்கு உயர்வான்.

பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணைக் கேளுங்கள். அத்துடன், ‘இன்று ஏன் என்று எதைக் கேட்டாய்?’ என்றும் கேளுங்கள். கணக்குத் தெரியாத பெற்றோரும் கேட்கத்தக்க கேள்வி அது. அதற்கு விடை சொல்லும் கடமையை ஆசிரியர்களாகிய நாம் ஏற்போம்.