கூட்டிக்கிட்டுப் போக ஒரு ஆள்

(ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரக் குழுக்களின் கூட்டத்தில் கண் முகாம் தொண்டர்கள் சார்பில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசவே நேரம் போதாத கூட்டத்தில் எங்களுக்கும் பத்து நிமிடம் கொடுத்திருக்கீங்க. அதில் எங்கள் பெருமையை மட்டும் பேசிவிட்டு உட்காரப் போவதில்லை. நாங்கள் செய்த தப்பையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதல் முகாமுக்கு ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னோம். நோட்டீஸ் கொடுத்தோம். பரிசோதனை இலவசம், ஆபரேஷன் இலவசம், லென்ஸ் இலவசம். மதுரைக்குப் போய்வர பஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே இலவசம். கூட்டமும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் பல பேர் பஸ் ஏறவில்லை. "சும்மா செய்து கொடுத்தாலும் வரமாட்டேங்கிறாங்களே" என்று சலித்துக்கொண்டோம்.

பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. "ரெண்டு ஆடு நிக்குது, யாரு தாயி பார்ப்பா?" என்றார் ஒரு பாட்டி. மகளும் மருமகளும் மில்லுக்குப் போய்விட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றார் இன்னொருவர். தறி வேலை செய்கிற ஒரு அம்மாவுக்கு அறுந்த இழை தெரியவில்லை. ஆனாலும் கூலி போய்விடும் என்று பயம். "கண்ணைப் பிடுங்கி வெளியே வச்சு கழுவுவாங்களாமே" என்று நடுங்கியவர்களும் உண்டு. "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்கு கண்ணு, பிள்ளைகளுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். அப்படிச் சொன்ன எல்லாருமே பெண்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கண்ணில் குறை இருந்த நூறு பேரில் முகாமுக்குப் போயிருந்தவர்கள் சுமார் ஏழு பேர்தான். உலகம் முழுக்கவே கண்புரை பெண்களுக்கு அதிகம், ஆபரேஷன் கிடைப்பது பெண்களுக்குக் குறைவு.

இப்போது எங்கள் தப்புக்கு வருகிறோம். ஒரு உறுப்பினரின் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எங்களுக்குத் தெரியும். "அடுத்த முகாமில் பார்த்துக்கலாம்" என்று அவர்களும் சொன்னார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். மாதங்கள் ஓடின. ஒருநாள் கண் சிவந்து, தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்தார். புரை முற்றிப்போய் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறிவிட்டது. அந்தக் கண் பார்வை போனது போனதுதான். இன்னொரு கண்ணை ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு ஒரு எட்டுப் போய்க் கூட்டி வராதது எங்கள் தப்பு. அன்றிலிருந்து மைக்கை நம்புவதை விட்டுவிட்டோம்.

சகோதரிகளே, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி உங்களுக்குத் தெரியும். அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போனாலும், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். 2006-ல் காலமானார்.

முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுப்பார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்ற தொழிற்கூடத்தில் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு விலை பல மடங்கு குறைந்தது. இன்று அந்த லென்ஸ் நூறு நாடுகளுக்கு மேல் போகிறது. அதைச் செய்கிறவர்களில் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள் பல பேர். ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறையிலும் ஆபரேஷன் அறையிலும் டாக்டருக்குத் துணையாக நிற்பவர்களும் பிளஸ் டூ முடித்து அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள்தான். நம் சத்திரப்பட்டி தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியும் ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆக, இந்த வேலையில் நமக்கும் ஏற்கெனவே பங்கு இருக்கிறது.

நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் என்பவர் மலைக் கிராமங்களுக்குக் கருவிகளைச் சுமந்துபோய் ஆபரேஷன் செய்கிறார். அந்த முகாம்களுக்குப் பார்வையில்லாத தாயை மகன் முதுகில் சுமந்து, மலைப்பாதையில் நடந்தே வருகிறான். வெளிநாட்டு டாக்டர்களும் தொண்டர்களும் அங்கே போய் உதவுகிறார்கள். நமக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பஸ் வாசலுக்கே வருகிறது. கையைப் பிடித்து ஏற்றிவிட ஒரு ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் யார்? 90 கிராமங்களில் எட்டு விதமான வழிகளைச் செய்து பார்த்து 1991-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும், செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டதும்தான் அதிகப் பலன் கொடுத்தன. நாங்களும் அதையே கண்டோம். "மரத்துப்போக மருந்து கொடுத்தாங்க, வலிக்கல. கண்ணை வெளியே எடுக்கல. மறுநாள் கட்டைப் பிரிச்சதும் நர்சம்மா முகம் தெரிஞ்சுச்சு. இப்ப முதியோர் பணத்தை நானே எண்ணி வாங்குறேன்" என்று ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், நாங்கள் பத்து பேர் பேசினதுக்கும் மேல்.

சில விஷயங்களை மனதில் வையுங்கள். கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. சொட்டு மருந்தாலோ நாட்டு மருந்தாலோ கரையாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. "நல்லா முத்தட்டும்" என்று காத்திருக்கவே கூடாது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையானாலே போய்க் காட்டலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டையும் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போகணும். ஆபரேஷன் முடிந்ததும் கண்ணைக் கசக்கக் கூடாது. சொன்ன நாள் வரைக்கும் சொட்டு மருந்து விடணும். மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போகணும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஓடணும்.

குழுக்களிடம் நாங்கள் கேட்பது மூன்றுதான். ஒன்று, அடுத்த கூட்டத்தில் உங்கள் தெருவில் பார்வை மங்கினவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இரண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், கூடப்போக ஒருவர், வீட்டையும் ஆட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று இரண்டு உறுப்பினர் பெயரை எழுதுங்கள். மூன்று, பார்வை வந்தவரை அடுத்த முகாமுக்கு நம்மோடு தொண்டராகக் கூட்டி வாருங்கள்.

கடன் தவணை தவறினால் வீடு தேடிப் போகிறோமே! கண் மங்கின வீட்டையும் அப்படித் தேடிப் போவோம்.