கோழி எருவும் நம் குடியிருப்பும்

(ஆண்டு விழா உரை)



ஆடலுக்கும் பாடலுக்கும் இடையே கோழி எச்சத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் நம் தேவிகுளத்து லயங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கொல்லைதோறும் கோழிக்கூடு. ஒரு வீட்டு எச்சத்தில் மொய்த்த ஈ அடுத்த வீட்டுச் சோற்றில் அமர்கிறது. ஜூன் மாதம் பருவமழை இறங்கியதும், மேட்டு லயத்துக் கழிவு பள்ளத்து லயத்தார் புழங்கும் ஓடையில் கலக்கிறது. கோழி எச்சத்தில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்னும் கிருமி, குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தருவது.

பசுவுக்குச் சாணம் வேறு, சிறுநீர் வேறு. பறவைக்கோ இரண்டும் ஒன்றாய் வெளிப்படுகின்றன. எச்சத்தின் மேலுள்ள வெண்மையே அதன் சிறுநீர். தழைச்சத்தின் பெரும்பகுதி அவ்வெண்மையில்தான் உள்ளது. ஈரம் பட்டால் அது அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். கூட்டைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி இருக்கிறதே, அது நம் முட்டைக்கோசுக்குப் போய்ச் சேரவேண்டிய உரம்!

நாற்றம் அடங்கட்டும் என்று அடுப்புச் சாம்பலை எச்சத்தின்மேல் கொட்டுவோர் உண்டு. ஈரம் சற்று வற்றும், உண்மைதான். ஆனால் சாம்பலின் காரம் அம்மோனியாவை இன்னும் விரைந்து வெளியேற்றும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் மட்கு உரம் செய்துகாட்டிய ஆல்பர்ட் ஹோவர்டு சாம்பல் சேர்த்தாரே என்று கற்றவர்கள் கேட்கக்கூடும். அவர் சேர்த்தது மண்ணோடு கலந்த சிறிதளவு. எருவும் மாட்டுத் தொழுவத்தது.

கூட்டில் பரப்பவேண்டியது காய்ந்த சருகு. கவாத்து வெட்டிய தேயிலையின் இலை, சில்வர் ஓக் சருகு, மரத்தூள் எதுவும் ஆகும். யூக்கலிப்டஸ் இலை மட்க நெடுநாளாகும், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எச்சம் ஒரு கூடை என்றால் சருகு இரண்டு மூன்று கூடை.

இனிச் சொல்வதுதான் முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்த குவியல் நம் மலைக்குளிரில் நன்கு சூடேறாது. உள்ளே 55 பாகை செல்சியசு வெப்பம் மூன்று நாளேனும் நின்றால்தான் கிருமி மடியும். ஒரு கோழி நாளைக்கு இடுவது ஏறத்தாழ 100 கிராம். ஐந்து கோழி வளர்க்கும் வீடு தனியே அவ்வளவு எச்சம் சேர்க்க ஓராண்டு ஆகும். நான்கு வீட்டார் கூடினால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். எச்சத்தைச் சருகோடு வழித்து, நனையாமல் சாக்கில் சேர்த்துவைத்து, ஒரே நாளில் நீர் தெளித்துக் குவியல் எழுப்புங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், ஒழுகக்கூடாது. கோழியை எண்ணிப் பங்கு பிரித்தால் வழக்குத்தான் மிஞ்சும். சருகு சுமந்தவருக்கும் ஒரு கூடை உண்டென்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இடம் ஓடைக்கு எட்டிய மேடாக இருக்கட்டும். மேலே பழைய தகரம் போதும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வேண்டும். வாரம் ஒருமுறை வெளிப்புறம் உட்புறமாகும்படி கிளறுங்கள். கிளறியபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். சூடு தணிந்து, நெடி நீங்கி, மண் மணம் வர நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதற்குமுன் பச்சையாய் இட்டால் வேர் கருகும்.

தேயிலைக்கு இதை இடவேண்டா. தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது; முட்டைக்கோழியின் எச்சத்தில் சுண்ணாம்பு மிகுதி. கோசுக்கும் பீன்சுக்கும் நடுவதற்கு முன் குழிக்கு இரண்டு கைப்பிடி இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள்.