கல்லூரிக்குள் ஒரு கோர்வை!

(வாலாஜாபாத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



வகுப்புரிமை ஆணை செல்லாதென்று 1950இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொதித்தெழுந்தது தமிழகம்; 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கல்லூரிக் கதவு மூடப்படாமல் காத்த கதை அது!

கதவு வழியே நுழைந்தோம்; ஆசான் உள்ளத்தில் நுழைந்தோமா? டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் விடை சொல்லிற்று: பிறருக்குக் கிட்டும் ஆசிரியர் துணை தமக்குக் கிட்டவில்லை என்றனர், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் பலர்.

ஆசிரியர் அனைவரும் கொடியவரா? அல்லர். பள்ளியில் பாடஞ்சொல்லப் பயிற்சிப் பட்டம் கேட்கிறோம். கல்லூரியில் பாடஞ்சொல்லக் கேட்பதில்லை. முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்த பிள்ளையின் அச்சத்தை அகற்றுவதெப்படி? தமிழில் பயின்றவனுக்கு ஆங்கிலப் பாடத்தை விளக்குவதெப்படி? பாடத்திலே எவர் வரலாறு விடுபட்டது? இவற்றை அவருக்கு யார் கற்பித்தார்?

நெசவாளத் தோழர்களே, நீங்கள் அறிவீர்கள்: காஞ்சிப் பட்டிலே கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். கோர்வையின்றி அவை இணையா. கோர்வையோ பழகினாலன்றிக் கைவராது. பேராசிரியர்க்கும் வேண்டும் அந்தப் பழக்கம்! அதற்குப் பயிற்சி தருக. பணி உயர்விலே அதனையும் கணக்கிடுக!

இடம் கேட்டோம், பெற்றோம். இனி மதிப்பும் கேட்போம், பெறுவோம்!