கழிவுக்குப் போக்கிடம் எங்கே?

(கோலார் தங்கவயலில் கல்லூரி மாணவர்களும் உள்ளாட்சி அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பொருளாதாரம் பயின்றவன். பொறியியலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் மலக்கழிவைப் பற்றிப் பேசுவதற்கு இன்று இங்கு வந்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முகம் சுளித்து ஒதுக்கிய காரணத்தினால்தான் இப்பொருள் நெடுங்காலம் திட்டக் கோப்புகளின் கடைசிப் பக்கத்திற்குத் தள்ளப்பட்டுக் கிடந்தது என்பது என் கருத்து.

ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். கேரவன் எனப்படும் ஊர்தியை நீங்கள் அறிவீர்கள். படுக்கையும் அடுப்பும் கழிவறையும் தன்னுள்ளேயே கொண்ட வண்டி அது. 2010-ஆம் ஆண்டில் மத்திய சுற்றுலா அமைச்சகம் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. 2021-இல் கேரள அரசும் தனிக் கொள்கை வகுத்தது. என் நண்பர் ஒருவர் அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்துடன் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இராமேசுவரம் நோக்கிப் புறப்பட்டார். மூன்றாம் நாள் வண்டியின் கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டது. டீசலுக்கு வழியெங்கும் நிலையங்கள் இருந்தன. குடிநீரும் கேட்ட இடத்தில் கிடைத்தது. தொட்டியைக் காலி செய்வதற்கு மட்டும் ஓரிடமும் இல்லை. பெட்ரோல் நிலையத்தில் கேட்டார், சிரித்தார்கள். விடுதியில் கேட்டார், கைவிரித்தார்கள். "இருட்டிய பிறகு உப்பங்கழி ஓரமாக வண்டியை நிறுத்தித் திருகைத் திறந்துவிட்டால் போயிற்று, சார்" என்று ஒருவர் இலவச ஆலோசனை வழங்கினார்.

நண்பர் அதைச் செய்யவில்லை. சுவரில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து ஒரு கழிவுநீர் லாரியை வரவழைத்தார். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டது. பணம் கொடுத்தார், சீட்டும் பெற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபின், தாம் பொறுப்புள்ள குடிமகனாக நடந்துகொண்டதை என்னிடம் மனநிறைவுடன் கூறினார். "அந்த லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது?" என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை. அவர் நிலையில் நான் இருந்திருந்தால் நானும் லாரிக்காரரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தங்கவயலுக்கு எடுத்துவந்ததற்குக் காரணம் உண்டு. கழிவை எங்கே கொட்டுவது, யார் சுமந்துபோய்க் கொட்டுவது என்னும் இரண்டு கேள்விகளோடும் நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊர் இது.

முதலில் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தது முதல் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, இவ்வயல் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை அளித்தது. அதே காலத்தில் பாறையை அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணல் 3 கோடி டன்னுக்கும் மேல். ஒரு டன் தங்கத்திற்கு ஏறத்தாழ 40,000 டன் கழிவு என்று இக்கணக்கு வருகிறது. எடையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், தங்கச் சுரங்கத்தைக் கழிவு உற்பத்தித் தொழில் என்றே வகைப்படுத்த வேண்டியிருக்கும்! அந்தக் கழிவுக்குக் கம்பெனி கண்ட போக்கிடம் தொழிலாளர் லைன்களின் பக்கத்து நிலம். சயனைடு மேடுகள் என்று நீங்கள் அழைக்கும் அக்குன்றுகளை இந்த மண்டபத்திலுள்ளோர்க்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்று வீசும் மாதங்களில் அந்த மண் உங்கள் வீட்டுச் சோற்றுப் பானை வரை வந்ததை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள்.

இனி மனிதக் கழிவுக்கு வருகிறேன். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பின்னர்தான். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே மனிதரை இறக்கி, அங்குள்ள வெப்பத்தைத் தணிக்கக் குளிர்ந்த காற்றைச் செலுத்தும் தொழில்நுட்பமும் இங்கே இருந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து பாலாற்று நீர் குழாய் வழியே வந்தது. இத்தனையும் இருந்த நகரியத்தில், தொழிலாளர் குடியிருப்புகளில் எடுப்புக் கக்கூஸ்களே இருந்தன. மலத்தை வாளியில் அள்ளித் தலையிலும் தோளிலும் சுமந்துசென்று கொட்டும் பணி, பிறப்பினால் அதற்கென ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு விடப்பட்டது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. உரிமையாளர் மூன்று முறை மாறியும் வாளி மாறவில்லை. மத்திய அரசின் ஊழியன் என்ற முறையில் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

ஏன் மாறவில்லை? நீர் இல்லை, அறிவியல் இல்லை, நிதி இல்லை என்னும் வழக்கமான விடைகள் இங்கே செல்லா. பொருளாதார மாணவர்களாகிய நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழாயும் சாக்கடையும் அமைத்தால் அச்செலவு நிறுவனத்தின் கணக்கேட்டில் பெருந்தொகையாகத் தெரியும். வாளி சுமப்பவரின் நோயும் அவமானமும் அவர் பிள்ளைகளின் இழந்த பள்ளிப்படிப்பும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. செலவு மறைந்து போவதில்லை. கேள்வி கேட்க இயலாத ஒருவர் தலைக்கு அது மாற்றப்படுகிறது. விலை குறைந்த உழைப்பு இருப்பதால் முறை மாறவில்லை என்று பாடநூல் கூறும். அந்த உழைப்பின் விலையைக் குறைவாகவே நிறுத்திவைத்தது சாதி என்பதைப் பாடநூல் கூறுவதில்லை.

மாற்றத்திற்கான முயற்சி உள்ளிருந்தே எழுந்தது. 1966-ஆம் ஆண்டில் இவ்வூரில், அப்பணியையே செய்துவந்த குடும்பமொன்றில் பிறந்த பெசவாடா வில்சன், 1990-களின் தொடக்கத்தில் எடுப்புக் கக்கூஸ்களைப் புகைப்படம் எடுத்தார். நிர்வாகத்திற்கும் அரசுக்கும் கடிதங்கள் எழுதினார். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டிருந்தது. செய்தி ஏடுகளில் வெளிவந்தபின் தங்கவயல் நகரியத்தின் உலர் கழிப்பறைகள் நீரடைப்புக் கழிப்பறைகளாக மாற்றப்பட்டன. வில்சன் முதலானோர் தொடங்கிய சபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2013-இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27-இல் தீர்ப்பு வந்தது. 2016-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இங்கே நிறுத்திவிட்டால் இது நல்லதொரு வெற்றிக் கதையாக அமைந்துவிடும். ஆனால் 2011-ஆம் ஆண்டில் இதே தங்கவயலில் மலக்குழியைத் துப்புரவு செய்யச் சென்ற மூவர் நச்சு வாயுவினால் மாண்டனர். வாளியை ஒழித்தோம், குழி வந்தது. குழியும் ஒரு நாள் நிரம்பும். நிரம்பிய குழியைக் காலி செய்வது யார், எடுத்ததை எங்கே கொட்டுவது என்று குழி கட்டிய நாளில் எவரும் கேட்கவில்லை.

நாடு முழுவதற்கும் இது பொருந்தும். 2014-க்கும் 2019-க்கும் இடையே ஊரகங்களில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. பெரிய முயற்சி, அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. எனினும் கழிப்பறை என்பது பாதித் திட்டமே. நகர்களிலும் பாதாளச் சாக்கடையுடன் இணைக்கப்படாத வீடுகள் ஏராளம். அவ்வீடுகளின் தொட்டிகளைக் காலி செய்யும் லாரிக்காரரின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு வருமானம் உறிஞ்சுவதில் கிடைக்கிறது. இறக்குவதில் காசு ஒன்றும் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் டீசல் செலவு. அங்கே கட்டணமும் வாங்கினால் இன்னொரு செலவு. வரிசையில் நின்றால் ஒரு நடை நட்டம். ஏரிக்கரை இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை, வரிசையும் இல்லை. அவர் எங்கே செல்வார் என்பதை அறிய ஆய்வுக்குழு தேவையில்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது எளிது. அவருக்கு முன் நாம் வைத்திருக்கும் விலைப்பட்டியல்தான் அவரை ஏரிக்கு அனுப்புகிறது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. இங்கிருந்து தொலைவில் இல்லாத தேவனஹள்ளியில், பாதாளச் சாக்கடை இல்லாத அச்சிறு நகருக்காக 2015-இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 லிட்டர்தான் அதன் திறன். ஓரிரண்டு லாரி நடை. அவ்வளவு சிறியதாக இருந்ததே அதன் பெருமை. சிறு நகராட்சியும் இதைச் செய்யலாம் என்று அது காட்டியது. தமிழ்நாட்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி பேரூராட்சியில் 2017-இல் அத்தகைய நிலையம் வந்தது. சுற்றுப்புற ஊர்களின் லாரிகளும் அங்கு வந்து இறக்குகின்றன. பின்னர் 2022-இல் சட்டத்தைத் திருத்தி, கழிவுநீர் லாரிகளுக்கு உரிமத்தைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது.

இவற்றிலும் என்னை மிகவும் கவர்ந்தது மகாராஷ்டிரத்தின் வாய் நகரம். அங்கே 2018 முதல், குழி நிரம்பி வழியும்வரை காத்திராமல், முறைவைத்து வீடு வீடாகத் தொட்டிகளைக் காலி செய்கிறார்கள். வீட்டுக்காரர் லாரிக்காரருக்குத் தனியே பணம் தருவதில்லை. நகராட்சி வரியாக வாங்குகிறது. செய்த வேலைக்கு ஒப்பந்தக்காரருக்கு நகராட்சியே பணம் தருகிறது. பணம் புறப்படும் முனையை மாற்றியவுடன் லாரியின் திசையும் மாறிவிடுகிறது. கூட்டத்தில் உள்ள நகராட்சி அலுவலர்களுக்கு நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது இதுவே: நிலையத்தின் வாயிலில் கட்டணம் வாங்காதீர்கள், முடிந்தால் இறக்கிய நடைக்கு நீங்கள் பணம் கொடுங்கள். தணிக்கையாளர் கேள்வி எழுப்புவார். ஏரி ஒன்றைத் தூர்வாரும் மதிப்பீட்டை எடுத்து அவர் மேசையில் வையுங்கள்.

கழிவுக்குப் போக்கிடம் தேடுவோரின் கண் கோலார் மாவட்டத்தின்மேல் அடிக்கடி விழுகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1980-களில் அணுக்கழிவை ஆழத்தில் புதைப்பது பற்றிய ஆய்வுக்காக, இவ்வயலின் கைவிடப்பட்ட சுரங்கப் பகுதியொன்றில் வெப்பச் சோதனைகள் நடத்தப்பட்டன. 2012-இல் கூடங்குளத்தின் கழிவு இங்கே வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது ஊரே கடையடைத்து எதிர்த்தது. அப்படிப்பட்ட திட்டம் இல்லை என்று அணுசக்தித் துறை மறுத்தது. 2018 முதல் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின்படி பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் உங்கள் மாவட்டத்து ஏரிகளுக்கு வருகிறது; நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்ட அளவு. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியதென்று மகிழ்வோரும், இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று வழக்காடியோரும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீர் தேவை, தரத்தை அளந்து ஊரறியச் சொல்லும் ஏற்பாடும் அதனுடன் சேர்ந்தே தேவை.

மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் உங்கள் வீட்டாரை நினைக்கிறேன். நம் ரயில் பெட்டிகளின் கழிவறைகள் நெடுங்காலம் தண்டவாளத்தின் மீதே திறந்திருந்தன. பெட்டிக்குள் இருப்பவருக்கு எல்லாம் தூய்மை, தண்டவாளத்தைப் பெருக்குபவருக்கு எல்லாம் கழிவு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய உயிரிக் கழிப்பறைகள் பின்னர் அகலப் பாதைப் பெட்டிகள் முழுவதிலும் பொருத்தப்பட்டன. ஓடும் வண்டிக்குப் போக்கிடம் காண்பது இயலும் என்பதற்கு இது சான்று. கேரவனுக்கு மட்டும் ஏன் இயலாது? கடற்கரைச் சாலையிலும் பிற சுற்றுலா வழிகளிலும் ஏற்கெனவே சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ள ஊர்களில், வாயிலருகே ஒரு சிமெண்டுத் தளம், ஒரு குழாய் வாய், கழுவ நீர், இரவு விளக்கு, சாலையில் ஒரு பலகை ஆகியவை இருந்தால் போதும். லாரிக்கும் கேரவனுக்கும் அதே வாய் பயன்படும். சுற்றுலாத் துறையும் நகராட்சித் துறையும் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே கடினமான தொழில்நுட்பம்.

என் நண்பர் அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறார்; அவர் எதையும் எறிபவர் அல்லர். அண்மையில் அதை வாங்கிப் பார்த்தேன். நாள், வண்டி எண், தொகை ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் இருக்கின்றன. இறக்கிய இடம் என்று ஒரு கட்டம் இல்லை. உங்கள் நகராட்சிக்கு அடுத்த முறை சீட்டுப் புத்தகம் அச்சிடும்போது அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றும், அதில் அந்த நிலையத்தின் முத்திரை விழுந்தபிறகே பணம் கொடுக்க வேண்டுமென்றும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.