வீரபாஞ்சான் வில்லைகள்

மதுரையில், சிவகங்கைச் சாலையில் வீரபாஞ்சான். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை அங்கே ஆரோலேப் தயாரிக்கிறது. தூசி அண்டாத அறையில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் குறை தேடுபவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் அங்கம் ஆரோலேப். 1992-ல் அது தொடங்கியபோது வெளிநாட்டு வில்லையின் விலை ஏறக்குறைய 100 டாலர். மதுரை வில்லை அதை 10 டாலருக்கும் கீழே இறக்கியது! ஏழைகள் பலருக்குப் பார்வை கிடைக்க இது உதவியது.

நுட்பமான வேலை பட்டதாரிக்கே வரும் என்ற பேச்சு தவறு என்பதற்கு வில்லை செய்யும் இந்தப் பெண்களே சாட்சி.

அரவிந்த் மருத்துவமனையிலும் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு. பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை அவர்களே பார்க்கிறார்கள்.