சங்கிலி அறுந்தது, நிலம் யாரிடம்?

(காரிமங்கலத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி காரிமங்கலத்தில் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். 1873இல் ஜோதிராவ் புலே தம்முடைய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். புனேயில் இருந்த அவருக்கு அது நம் கதையாகவே பட்டிருக்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போர் மாநில உரிமைக்கான போர் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். எதற்கான உரிமை? மனிதர்களை வாங்கி விற்கும் உரிமை. 1860இல் அங்கே ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்று சொன்ன லிங்கன் தேர்தலில் வென்றதும் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று, அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் மேடையிலேயே பேசினார். தோற்ற பிறகுதான் கதையை மாற்றினார்கள். நம்மூரிலும் சாதி வெறி என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. குடும்ப மானம் என்றுதான் சொல்கிறார்கள்.

லிங்கன் கையெழுத்துப் போட்டார், விடுதலை வந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். பண்ணைகளை விட்டு ஓடிவந்த அடிமைகளைப் பற்றியும், வடக்கின் படையில் சேர்ந்து போரிட்ட சுமார் 1,80,000 கறுப்பர்களைப் பற்றியும் அது சொல்லாது. விடுதலை யாரும் போட்ட பிச்சை அல்ல தோழர்களே.

சரி, பிறகு என்ன நடந்தது? 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென்கிழக்குக் கடலோர நிலங்களை விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அந்த நிலத்தைப் பழைய ஆண்டைகளுக்கே திருப்பிக் கொடுத்தார். நிலமில்லாதவர்கள் அதே பண்ணையில் வாரத்துக்கு உழுதார்கள். விதையும் துணியும் கடன்; கணக்குப் புத்தகம் ஆண்டையின் கையில். சட்டம் வாக்குரிமை தந்தது. கறுப்பர்கள் சட்டமன்றத்திலும் அமர்ந்தார்கள். 1877இல் மத்திய அரசின் படை பின்வாங்கியதும் அதுவும் படிப்படியாகப் பறிபோனது. மீட்க 1965 வரை போராட வேண்டியிருந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. ஆண்டைகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு, அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. இங்கே வந்தது 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். அடிமையின் மீது யாராவது உரிமை கோரினால் நீதிமன்றம் அதை ஏற்காது என்பதுதான் அதன் சாரம். ஆண்டை தண்டிக்கப்படவில்லை, அடிமைக்கு நிலமும் கிடைக்கவில்லை. அடிமை என்ற பெயர் போய் பண்ணையாள் என்ற பெயர் வந்தது. அங்கே ஆண்டைகள் ஒரு போரிலாவது தோற்றார்கள். இங்கே அதுவும் இல்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையை அடுத்து 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதைப் பிற சாதியினர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர்களுடைய 40 ஏக்கரைப் போலவே நம் பஞ்சமி நிலமும் பெருமளவு கைமாறிப் போனது. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

நிலம் இல்லாவிட்டால் என்ன, உழைத்து முன்னேறலாமே என்பார்கள். அமெரிக்காவின் துல்சா நகரில் கிரீன்வுட் பகுதிக் கறுப்பர்கள் அப்படித்தான் கடை கண்ணியோடு முன்னேறினார்கள். 1921இல் வெள்ளைக் கும்பல் ஏறத்தாழ 35 வீதித் தொகுதிகளைக் கொளுத்தியது. நம் மாவட்டத்து நத்தம் காலனி மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், சம்பாதித்த காசில் வீடு கட்டினார்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றும் எரிந்தன. பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், வண்டிகளைக் கொளுத்தினார்கள். துல்சாவிலும் நத்தத்திலும் வெளியே சொன்ன காரணம் ஒரு பெண். காதல்தான் கோபம் என்றால் பீரோ என்ன செய்தது? தலைநிமிர்ந்ததுதான் குற்றம்.

ஆகவே தோழர்களே, சிலைக்கு மாலை போடுவதோடு நம் வேலை முடிவதில்லை. உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று யார் பெயரில் இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேளுங்கள். ஊர் ஊராகப் பட்டியல் எடுப்போம். பட்டியல் கையில் இருந்தால்தான் நிலத்தைக் கேட்க முடியும்.

ஜெய்பீம்!